மருந்துவாழ் மலையிலிருந்து கன்னியாகுமரி ஊரைப் பார்க்க: 72 வயது அப்பாவை அழைத்துப் போகலாமா?

சிப்பிக்கடை மகள் (நவம்பர் 24, இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் இருக்கிறேன். அப்பா பிறந்தது கன்னியாகுமரி ஊருக்குள், குமரி அம்மன் கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில். தாத்தா சங்கும் சிப்பி மாலையும் விற்றவர். அப்பா 1974-இல் வேலை கிடைத்துத் திருச்சிக்கு வந்துவிட்டார். தாத்தா போன பிறகு வீடும் கைமாறிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை போகிறோம். பிறந்த ஊரில் விடுதி அறை எடுத்துத் தங்குகிறோம்.

சென்ற வாரம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். சிறுவனாக இருந்தபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வடமேற்கே மருந்துவாழ் மலை தெரியுமாம். அதன் மேல் ஏறி நின்று, இந்தத் திண்ணை எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாராம். ஏறவே இல்லை. இதைச் சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பொங்கல் முடிந்து அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இடது முழங்காலில் வலி உண்டு. தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார், ஆனால் சமதரையில். படி எவ்வளவு தூரம் போகிறது? எந்த நேரம் நல்லது? மேலிருந்து ஊர் உண்மையிலேயே தெரியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொற்றையடிக்காரன் (நவம்பர் 24, இரவு 9.48)

அக்கா, தெரியும். நன்றாகவே தெரியும்.

நான் மலையடிவாரத்துக்காரன். எங்கள் ஊரின் பெயரே அதுதான்: பொற்றை என்றால் சிறு மலை, அதன் அடியில் இருப்பதால் பொற்றையடி. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், வழுக்கம்பாறை வழியாகக் கன்னியாகுமரி போகும் பஸ்ஸில் ஏறி எங்கள் நிறுத்தத்தில் இறங்குங்கள். அடிவாரம் சற்று உள்ளே இருக்கிறது. அப்பாவுக்காக ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், கால் வலுவை மலைக்கு மிச்சப்படுத்தலாம்.

தொடக்கத்தில் படிக்கட்டு. ஓரளவு உயரம் வரை அதிலேயே போய்விடலாம். ஆனால் படியெல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது முக்கால் முழம். படி முடிந்த பிறகு பாறை. அங்கே கையையும் ஊன்ற வேண்டிவரும். பிள்ளைத்தடம் குகை அதற்கும் மேலே. கேரளத் துறவி நாராயண குரு அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியது 1888-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தவமிருந்த குகை இது. இன்றும் கேரளத்திலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள்.

நான் விடாமல் ஏறினால் முக்கால் மணி நேரம். உங்கள் அப்பாவுக்கு உச்சி வரை இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஆனால் உச்சிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள். படி முடியும் இடத்துக்குப் பக்கத்தில் தெற்கே பார்த்த பாறைகள் இருக்கின்றன. அங்கிருந்தே கடல் தெரியும்.

மார்த்தாண்டம் வாத்தியார் (நவம்பர் 24, இரவு 10.30)

சகோதரி, ஒரு மாற்று யோசனை. முழங்கால் வலி உள்ளவருக்குச் சிதறால் மலைதான் ஏற்றது. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். கல் பாவிய பாதை மெதுவாக ஏறுகிறது. இரண்டு பக்கமும் முந்திரி மர நிழல். மேலே 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், பாறையிலேயே வரிசையாகச் செதுக்கியவை. பிற்காலத்தில் அதே இடம் பகவதி கோயிலாகவும் ஆனது. ஆறும் தோப்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. என் மாணவர்களை வருடந்தோறும் அழைத்துப் போகிறேன்.

சிப்பிக்கடை மகள் (நவம்பர் 24, இரவு 10.41)

நன்றி ஐயா. சிதறாலும் போக ஆசைதான். ஆனால் அங்கிருந்து கன்னியாகுமரி ஊர் தெரியாதே.

மார்த்தாண்டம் வாத்தியார் (நவம்பர் 24, இரவு 10.52)

உண்மை. கேள்வியைச் சரியாக வாசிக்காமல் பதில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அவர் பார்க்க வேண்டியது அழகான காட்சி அல்ல, தன் ஊர்.

அப்படியானால் மேலே உட்கார்ந்திருக்கும்போது அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட, ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டின் கடல் வழிக் குறிப்பான பெரிப்ளூசில் ‘கொமரி’ என்று இந்த முனை குறிப்பிடப்படுகிறது. ஒரு துறைமுகம் இருப்பதையும், துறவு பூண்டவர்கள் வந்து நீராடித் தங்குவதையும் அந்த மாலுமி எழுதி வைத்திருக்கிறான். படகுத் துறைக்கு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு, இந்த ஊருக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது உண்டு என்பது தெரியாது. விடுதிப் பலகைகள் அதை மறைத்துவிட்டன. மேலே போனால் பலகைகள் மறைந்து முனை மட்டும் தெரியும்.

ஒளிப்பெட்டி (நவம்பர் 25, காலை 6.15)

நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. எல்லாரும் “சூரிய உதயம் பாருங்கள்” என்று சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்: ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரியில் காலையில் போகாதீர்கள்.

காரணம் எளிது. மலைக்குத் தென்கிழக்கே ஊர். மார்கழி, தை மாதங்களில் சூரியனும் கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்து எழுகிறது. அதாவது, நீங்கள் ஊரைப் பார்க்கும் அதே பக்கத்தில், சற்று இடப்புறமாக. கடல் தகதகவென்று மின்னும். ஊர் கரித்துண்டு போல் கிடக்கும். மாதா கோயில் கோபுரமும் தங்கும் விடுதியும் ஒரே கறுப்பு. முதல் இரண்டு முறை ஆசையாக விடியற்காலையில் ஏறிப் படம் எடுத்து, வீட்டில் வந்து பார்த்தபோது ஊரே இல்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் தென்மேற்கிலிருந்து ஊர் மேல் விழும். அப்போது சுவர்களின் நிறம் தனித்தனியாகத் தெரியும். வெள்ளைக் கோபுரம் பளிச்சென்று நிற்கும். ஆனி, ஆடியில் என்றால் சூரியன் வடகிழக்கில் எழுவதால் காலையும் சரிதான். ஆனால் அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உச்சியில் ஆளையே தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அந்த மலை மேல் நின்றுதான் நான் நம்பினேன்.

இன்னொன்று, எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி உயரம். ஆனால் ஏழு, எட்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது, கையை நீட்டி ஓர் அரிசி மணியைப் பிடித்தால் அதில் பாதி உயரம்தான் வரும். கைப்பேசிப் படத்தில் அது ஒரு புள்ளி. அவசியம் ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். அப்பாவுக்காகச் சொல்கிறேன், வீட்டைத் தேடப் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது.

தக்கலை செவிலி (நவம்பர் 25, காலை 7.02)

முழங்காலைப் பற்றி. ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். பலரும் இதை மாற்றி நினைக்கிறார்கள். ஏறும்போது “நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று சொல்லும் அப்பாக்கள் இறங்கும்போது நடுவழியில் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கைத்தடி இரண்டு வேண்டும், ஒன்று போதாது. இறங்கும்போது வலி உள்ள கால் முதலில் கீழ்ப்படியில் இறங்க வேண்டும்; ஏறும்போது நல்ல கால் முதலில். இதை இப்போதிருந்தே வீட்டு மாடிப்படியில் பழக்குங்கள். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, தாராளம்.

சர்க்கரை உள்ளவர் என்பதால் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் மட்டிப்பழம் இரண்டு, கடலை மிட்டாய், தண்ணீர் இரண்டு லிட்டர். புது மருந்து, மாத்திரை மாற்றம் ஏதும் இருந்தால் முன்கூட்டியே அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொற்றையடிக்காரன் (நவம்பர் 25, காலை 8.20)

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழத்தைப் பைக்குள் வையுங்கள். கையில் தொங்கவிட்டால் குரங்குகள் கணக்குத் தீர்த்துவிடும். நெகிழிப் பையின் சரசரப்புக் கேட்டாலே இறங்கி வருகின்றன. துணிப்பை நல்லது.

தாமரைக்குளத்தான் (நவம்பர் 25, பிற்பகல் 1.15)

இந்த இழையில் எல்லாரும் ‘காட்சி, காட்சி’ என்று பேசுவது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. எங்கள் பக்கத்து மக்கள் அந்த மலையைக் காட்சிக்காக ஏறுவதில்லை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று பாட்டி சொன்ன கதையோடு வளர்ந்தவர்கள் நாங்கள். கார்த்திகைக்கு மேலே தீபம் ஏற்றினால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கும்பிடுவோம். மலையின் தென்மேற்கே பனை மரங்களுக்கு நடுவே சாமிதோப்பு. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த வைகுண்ட சாமி, ஒதுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்ன மண். எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக் கிணறு அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சிலையும் கண்ணாடிப் பாலமும் தெரியுமா என்று மட்டும் கேட்டால் எப்படி?

வருகிறவர்கள் குகை வாசலில் செருப்போடு நிற்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பாவை அழைத்து வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. பிறந்த மண்ணைத் தேடி வருகிறவரைக் குறை சொல்லவில்லை.

மணக்குடி பெண் (நவம்பர் 25, மாலை 6.40)

தாமரைக்குளத்து அண்ணாச்சி சொல்வது நியாயம். ஆனால் அந்த மலையைக் கும்பிடாமலேயே, அதை நம்பிப் பிழைத்தவர்களும் இருக்கிறோம் அண்ணாச்சி. எங்கள் தாத்தா கட்டுமரக்காரர்.

கடலில் நின்றால் தெருவும் எண்ணும் கிடையாது. மீன் எங்கே இருக்கும்? பார் என்று சொல்லும் கடலடிப் பாறைகளைச் சுற்றி இருக்கும். அந்தப் பார் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைத் திரும்பிப் பார்த்துத்தான். மலை உச்சியும் ஒரு கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு ஒரு மலையும் ஒரு தென்னங்கூட்டமும் நேர்கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் மீன். இதைக் கணியம் என்று தாத்தா சொல்வார். மருந்துவாழ் மலை கடலோரம் தனியாக நிற்பதால் தூரத்திலிருந்தே தெரியும். மலை மேகத்தில் மறைந்த நாளில் வெறுங்கையோடு திரும்பியதையும் சொல்லியிருக்கிறார்.

நான் கல்லூரி முடித்த வருடம்தான் முதல் முறை ஏறினேன். தாத்தா கடலிலிருந்து பார்த்த மலையில் நின்று, நான் கடலைப் பார்த்தேன். சுசீந்திரத்தின் ஏழு நிலைக் கோபுரம் வடமேற்கே. அதன் பக்கத்திலிருந்து பழையாறு வயல்களுக்குள் நெளிந்து வந்து எங்கள் ஊரில் பொழிமுகமாகக் கடலில் சேர்கிறது. மேல மணக்குடி, கீழ மணக்குடி இரண்டுக்கும் நடுவே பாலம் கீற்றாகத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பழைய பாலத்தைப் பிய்த்து எடுத்து, கான்கிரீட் துண்டுகளை ஆற்றுக்குள் அடித்துக்கொண்டு போனது. அப்போது எனக்கு ஏழு வயது. கரையில் நின்றபோது உலகமே முடிந்தது போல் இருந்த இடம், மேலிருந்து பார்க்கும்போது உள்ளங்கை அகலம்கூட இல்லை. அன்று நான் அழுதேன். ஏன் என்று தோழிகளுக்குச் சொல்லவில்லை.

சிப்பிக்கடை அக்கா, அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபோது, நடுவில் என்ன இருந்தது? மரமா, கோபுரமா, மதிலா? மலை அதற்கு எந்தப் பக்கம் தெரிந்தது? அது தெரிந்தால் மேலிருந்து அதே கோட்டைத் திருப்பிப் போடலாம். தாத்தா பார் கண்டுபிடித்தது போல் அப்பா வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

சிப்பிக்கடை மகள் (நவம்பர் 25, இரவு 8.05)

உடம்பு சிலிர்க்கிறது தங்கை. இப்போதே போய்க் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர். “மாதா கோயில் கோபுரம். அதற்கு வலப்பக்கம், ஒரு பனை அளவு தள்ளி மலை” என்றார். ஏன் கேட்கிறாய் என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டேன்.

மணக்குடி பெண் (நவம்பர் 25, இரவு 8.11)

அப்படியென்றால் மலையிலிருந்து பார்க்கும்போது வீடு கோபுரத்துக்கு இடப்பக்கம், கோபுரத்தைத் தாண்டிப் பின்னால். ஒரு பனை அளவு.

நாஞ்சில் சாலை (நவம்பர் 26, காலை 10.00)

நல்ல இழை. ஒரே ஒரு குறை. படியைக் குகை வரை கட்டி, இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி போட்டால் இந்தக் கேள்வியே வராது. 72 வயதுக்காரர் ஏழு வாரம் மாடிப்படியில் பழக வேண்டுமா? நம் மாவட்டத்தில் எத்தனையோ மலைக்கோயில்களுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். இதற்கும் கேட்டு வாங்க வேண்டும்.

பொற்றையடிக்காரன் (நவம்பர் 26, காலை 11.25)

அண்ணாச்சி, கைப்பிடிக்கு நான் கை தூக்குகிறேன். சில வருடங்களுக்கு முன் இருட்டிய பிறகு இறங்கும்போது கால் புரண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தவன் நான். மூன்று வாரம் படுத்திருந்தேன். படிக்கட்டுப் பகுதியில் உடைந்த படிகளைச் சரிசெய்து, ஒரு பக்கம் கைப்பிடி வைத்தால் பல முதியவர்கள் பயன்பெறுவார்கள்.

ஆனால் பாறைப் பகுதியில் படி கட்ட வேண்டாம். அதற்குப் பாறையை உடைக்க வேண்டும். குமரியில் எத்தனை பொற்றைகள் கல்குவாரியாகி, பள்ளமாகி, பச்சைத் தண்ணீர் நிற்கும் குழியாகிவிட்டன என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு பாறையில் வெடி வைக்கப் பழகிவிட்டால் அடுத்த பாறைக்குக் காரணம் தானாகக் கிடைக்கும். இதன் பெயரிலேயே மருந்து இருக்கிறது. அந்தச் செடிகள் பாறை இடுக்கில்தான் வளர்கின்றன. நன்னாரிக் கொடி படர்ந்திருந்த ஓர் இடம், நாலு பேர் தாறுமாறாக வழி போட்டதில் மொட்டையாகிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நாஞ்சில் சாலை (நவம்பர் 26, பிற்பகல் 12.10)

குவாரி வேறு, படி வேறு தம்பி. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. என் தாய்க்கு நடக்க முடியாது. அவர் குகையைப் பார்க்காமலேயே போய்விட்டார். அந்தக் கோபத்தில் எழுதினேன்.

தாமரைக்குளத்தான் (நவம்பர் 26, பிற்பகல் 12.45)

அண்ணன், அம்மாவை நினைத்து வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் நான் தம்பி பக்கம்தான். பழுது பார்ப்போம், கைப்பிடி கேட்போம், அதற்கு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. பாறையைத் தொட வேண்டாம்.

ஒளிப்பெட்டி (நவம்பர் 26, இரவு 9.30)

விவாதம் நடக்கட்டும். நான் சிப்பிக்கடை அம்மாவுக்கு இன்னும் சில குறிப்புகள் எழுதுகிறேன், மேலே போனால் எது எது என்று தெரிய வேண்டும் அல்லவா.

தெற்கே திரும்பி உட்காருங்கள். நேர் கீழே தென்னை, வாழை, நடுநடுவே குளம். கொஞ்சம் வலப்பக்கம் சாம்பல் சதுரங்களாகத் தெரிவது உப்பளம். தை மாத வெயிலில் ஓரங்கள் வெளுத்துக் கிடக்கும். அதையும் தாண்டிப் பொழிமுகம். இடப்பக்கம் அகஸ்தீஸ்வரம், அதற்குப் பின்னால் முனையில் ஊர். ஊரைக் கண்டுபிடிக்க வெள்ளைக் கோபுரத்தைத் தேடுங்கள். குமரி அம்மன் கோயிலுக்கு வானை முட்டும் கோபுரம் கிடையாது என்பதால் கோயிலைத் தேடி ஏமாற வேண்டாம். கோபுரத்துக்குப் பின்னால் கடலில் இரண்டு பாறைகள்: ஒன்றில் விவேகானந்தர் மண்டபம், மற்றதில் வள்ளுவர். இரண்டுக்கும் நடுவே உள்ள 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது.

நேர் கிழக்கே கடற்கரைத் தென்னைகளுக்குள் வட்டக்கோட்டை. பெயர்தான் வட்டம், கோட்டை செவ்வகம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அதை வலுப்படுத்தினார். வடக்கே திரும்பினால் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. அது இங்கே வந்து சிறு சிறு பொற்றைகளாக உதிர்ந்து முடிகிறது. கடைசியாக உதிர்ந்ததில் ஒன்றின் மேல்தான் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

சிப்பிக்கடை மகள் (ஜனவரி 21, இரவு 10.20)

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன், விரிவாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அடிவாரத்தில் இருந்தோம். அப்பா இரண்டு கைத்தடியையும் பார்த்து முதலில் முகம் சுளித்தார். முப்பது படி ஏறியதும் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். “நல்ல கால் மேலே, நோகும் கால் கீழே” என்று முணுமுணுத்தபடியே ஏறினார். பத்துப் படிக்கு ஒரு முறை நின்றோம். எதிரே இறங்கி வந்த ஒரு பாட்டி, வெறுங்காலோடு, தலையில் ஒரு சின்ன மூட்டையோடு, “மெல்லப் போ மோனே, மலை எங்கயும் போவாது” என்று சொல்லிவிட்டுப் போனார். 72 வயது மனிதரை யாரோ மகனே என்று கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகியிருக்குமோ, அவர் முகம் மாறிவிட்டது.

படி முடியும் இடத்தில் நான்கு பத்து. மேலே பாறையைப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். “இது போதும்” என்றார். நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. பொற்றையடித் தம்பி சொன்ன பாறையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தோம். பாறை வெயிலில் சூடாக இருந்தது, துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார். பக்கத்துக் குழியில் தேங்கிய மழைநீரில் ஒரு தட்டான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. மட்டிப்பழம் சாப்பிட்டார், தோலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டோம்.

முதலில் அவர் ஊரைப் பார்க்கவே இல்லை. கடலைத்தான் பார்த்தார். மூன்று பக்கமும் கடல் இருக்கிறது என்று பள்ளியில் ஒப்பித்தாராம், மூன்று பக்கத்தையும் ஒரே நேரத்தில் இன்றுதான் பார்க்கிறேன் என்றார். விவேகானந்தர் பாறைக்குப் படகில் கல் கொண்டுபோனதைக் கரையில் உட்கார்ந்து பார்த்த கதையைச் சொன்னார். 1970-இல் மண்டபம் திறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. வள்ளுவர் சிலை அவர் கண்ணுக்கு இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. “அங்கே வெறும் பாறைதான் இருந்தது, நண்டு பிடிப்பார்கள்” என்றார்.

பிறகு பைனாகுலரைக் கொடுத்தேன். மணக்குடித் தங்கை சொன்ன கணக்கைச் சொன்னேன்: கோபுரத்துக்கு இடப்பக்கம், பின்னால், ஒரு பனை அளவு. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியின் சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருகினார். வெள்ளைக் கோபுரம் கிடைத்தது. அங்கிருந்து நூல் பிடித்தது போல் மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். வாய் மட்டும் அசைந்தது. தெருப் பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. “நீல நிறத் தண்ணீர்த் தொட்டி வைத்த மாடி. அதற்கும் மஞ்சள் சுவருக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது பார், அதுதான் சந்து” என்றார். என்னிடம் கொடுத்தார். எனக்குக் கை நடுங்கியதால் ஊரே ஆடியது. பாறையில் முட்டியை ஊன்றிப் பார்த்தபோது தொட்டி தெரிந்தது, மஞ்சள் சுவர் தெரிந்தது, நடுவே நிழல் கோடு ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். அவருக்கு அது திண்ணை.

ஒரு மணி நேரம் இருந்தோம். தாமரைக்குளத்து அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டும்: எழுந்தபோது அப்பா செருப்பைக் கழற்றி, குகை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, வைகுண்ட சாமியின் ஐயாவழியும் அல்ல. அவர் மாதா கோபுரத்தைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். வழி காட்டியது அது என்று சொன்னார்.

இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. செவிலி அக்கா சொன்னது அப்படியே நடந்தது, இறங்கும்போதுதான் வலித்தது. கடைசிப் படிகளில் அந்தி மங்கிவிட்டது. கைப்பிடி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்தேன். நாஞ்சில் சாலை அண்ணன் மனு எழுதினால் எங்கள் இருவர் கையெழுத்தும் உண்டு. அடிவாரத்தில் அப்பா சுக்குக் காப்பி கேட்டு, கருப்பட்டி போட்டதா என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். சர்க்கரை பார்க்கிறவர்தான், அன்று ஒரு நாள் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அந்தச் சந்துக்குப் போனோம். மஞ்சள் சுவர் ஒரு விடுதி. தரையிலிருந்து பார்த்தால் மலை தெரியவில்லை. அப்பா விடுதிக்காரப் பையனிடம் ஏதோ பேசினார். அவன் எங்களை மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஜன்னலுக்கு அழைத்துப் போனான். கோபுரம், அதற்கு வலப்பக்கம் மலை. நேற்று உட்கார்ந்த பாறை எங்கே என்று அப்பா ஜன்னல் கம்பியில் விரலை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

மணக்குடி பெண் (ஜனவரி 21, இரவு 10.34)

அக்கா, ஒரு பனை அளவு சரியாக இருந்ததா?

சிப்பிக்கடை மகள் (ஜனவரி 21, இரவு 10.37)

முக்கால் பனை என்கிறார். அந்தக் காலத்துப் பனை உயரமாம்.